கப்பன் பூங்காவா, நுங்கம்பாக்கமா? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து டென்னிஸ் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் ஒரு டென்னிஸ் அரங்கம், கிழக்கே சுமார் 255 கிலோமீட்டரில் இன்னொன்று. முதலாவது பெங்களூரு கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் அரங்கம். இரண்டாவது சென்னை நுங்கம்பாக்கத்தில், வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்கம். சர்வதேசத் தரவரிசைப் புள்ளிகளுக்காக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களை நேரில் பார்க்க நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் இடங்கள் இவைதான். தருமபுரியிலிருந்து பெங்களூரு போக இன்னும் 45, 50 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், கண்ணாரப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூரு ஓபன் சேலஞ்சர் போட்டிக்குப் போங்கள். போகிற நாள் செவ்வாய் அல்லது புதன். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. சென்னையில் பெண்கள் போட்டி நடந்தால் அதற்கும் போகலாம், ஆனால் ஒரு ராத்தங்கலோடு திட்டமிட வேண்டும்.

சேலஞ்சர் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஆண்கள் டென்னிஸில் விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகள் மேலே இருக்கின்றன. அடுத்து, ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் சுற்றுப் போட்டிகள். அதற்கும் கீழ்ப்படி சேலஞ்சர். பெயரோடு வரும் எண், வெற்றி பெறுபவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. பெங்களூரு போட்டி 2024ல் சேலஞ்சர் 100, 2025ல் சேலஞ்சர் 125. ஜோகோவிச்சும் அல்கராஸும் இங்கே வரமாட்டார்கள். முதல் 100 இடங்களுக்குள் நுழையத் துடிப்பவர்களும், காயத்தால் கீழே போய் மறுபடி மேலே ஏற முயல்பவர்களும், பதினெட்டு பத்தொன்பது வயதில் எழும்பி வருபவர்களும் வருவார்கள். சுமித் நாகல் 2017ல் பெங்களூரில் பட்டம் வென்றார். 2018ல் சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் அங்கே வென்றார். நாகல் 2024 பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரை வென்றுதான் உலகின் முதல் 100 பேருக்குள் முதன்முறையாக நுழைந்தார். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் 2022ல் விம்பிள்டன் இரட்டையர் கோப்பையைத் தூக்கியவர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை, பெங்களூரு, புனே என்று மூன்று சேலஞ்சர்களையும் அடுத்தடுத்து அள்ளிக்கொண்டு போனார். ஆட்டத்தின் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வின், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் முதல் அடியின், வேகத்தை தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, பத்தடி தள்ளி நின்று அதன் சத்தத்தைக் கேட்கும்போதுதான் உண்மையான வேகம் புரியும்.

இப்போது, ஏன் செவ்வாய்க்கிழமை? கணக்கு எளிது. சேலஞ்சர் ஒற்றையரில் முதன்மைச் சுற்றுக்கு 32 பேர். அதில் பொதுவாக 6 பேர் தகுதிச் சுற்றிலிருந்து வருவார்கள், 3 பேர் வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் நேரடியாகச் சேர்ப்பவர்கள். தகுதிச் சுற்றில் 24 பேர் ஞாயிறும் திங்களும் ஆடி 6 பேராகக் குறைவார்கள். முதன்மைச் சுற்றின் முதல் கட்டத்தில் 16 ஆட்டங்கள். திங்கள் கொஞ்சம் நடக்கும், பெரும்பகுதி செவ்வாய்க்கிழமைதான். அதோடு இரட்டையர் ஆட்டங்களும் தொடங்கும். புதனும் வியாழனும் இரண்டாம் சுற்று 8 ஆட்டங்கள். வெள்ளி காலிறுதி 4, சனி அரையிறுதி 2, ஞாயிறு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் 6-2, 6-1 என்று ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகலாம். போகவர ஆறு மணி நேரம் பயணம் செய்பவருக்கு அது பெரிய வலி.

இதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி, முடிவு சொல்லும் டை-பிரேக்குக்குப் போய், 3 மணி 54 நிமிடம் ஆடினார்கள். நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். சனிக்கிழமை வந்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கோப்பையைத்தான் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு லாபமும் உண்டு. நடுக் கோர்ட்டைத் தவிர மற்ற கோர்ட்டுகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஒரு ஆட்டம் சப்பென்று போனால் எழுந்து அடுத்ததற்குப் போய்விடலாம். வெளிக் கோர்ட்டுகளில் வேலிக்கு ஒட்டி நின்று பார்க்கலாம். ஆட்டக்காரர் தனக்குள் முணுமுணுப்பதும், பயிற்சியாளர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வதும் காதில் விழும். 2025 ஜனவரி முதல் கோர்ட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்வது விதிப்படியே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் இடம் பிடித்தால், ஏன் ஒருவர் திடீரென்று எதிராளியின் பேக்ஹேண்டுக்கே அடிக்கத் தொடங்குகிறார் என்பது உங்களுக்கும் விளங்கும்.

தேதியை உறுதி செய்யாமல் லீவு போடாதீர்கள். இந்தியச் சேலஞ்சர் போட்டிகள் ஆண்டின் முதல் சில மாதங்களில் வரும், ஆனால் வாரம் மாறிக்கொண்டே இருக்கும். பெங்களூரு ஓபன் 2024ல் பிப்ரவரி நடுவிலும், 2025ல் பிப்ரவரி 24 முதல் மார்ச் 2 வரையும் நடந்தது. ஏடிபி இணையதளத்தின் சேலஞ்சர் காலண்டரில் தேதி முன்கூட்டியே வந்துவிடும். எந்த ஆட்டம் எந்தக் கோர்ட்டில், எத்தனை மணிக்கு என்ற அட்டவணை மட்டும் முந்தைய நாள் மாலைதான் வெளியாகும். அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு கோர்ட்டில் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் உறுதியான நேரம். அடுத்தவை எல்லாம் முந்தையது முடிந்ததும் தொடங்கும். "மாலை 4 மணிக்கு முன் இல்லை" என்று போட்டிருந்தால் 4 மணிக்குத் தொடங்கும் என்று அர்த்தமில்லை, அதற்கு முன்னால் தொடங்காது என்று மட்டும்தான். மூன்று செட் ஆட்டம் ஒன்றரை மணியிலும் முடியலாம், மூன்று மணி நேரமும் இழுக்கலாம். ஒருவரை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம் தொடங்கும்போதே அரங்கத்தில் இருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள். அந்த டிக்கெட் நாள் முழுவதற்குமா, பகல் அல்லது இரவு அமர்வுக்கு மட்டுமா? வெளிக் கோர்ட்டுகளுக்கும் செல்லுமா? வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாமா? மழையால் ஆட்டம் நின்றால் என்ன செய்வார்கள்? சேலஞ்சர் அளவில் தகுதிச் சுற்று நாட்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, இருந்தாலும் குறைவாகவே இருக்கும். வாரக் கடைசி நாட்களுக்குத்தான் முன்பதிவு தேவைப்படும். போட்டியின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருக்கும் இணைப்பிலிருந்து மட்டும் வாங்குங்கள்.

இனி வழி. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து பெங்களூருக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் அத்திப்பள்ளியைத் தாண்டிய பிறகுதான். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரை காலை நேரத்தில் மாட்டிக்கொண்டால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வந்த நேரத்தை அங்கேயே இழந்துவிடுவீர்கள். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்தது நமக்குக் கிடைத்த பெரிய உதவி. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பொம்மசந்திரா ஓசூர் சாலையிலேயே, மேம்பாலம் ஏறுவதற்கு முன்னாலேயே இருக்கிறது. பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் பொம்மசந்திராவில் நிற்குமா என்று கேட்டு அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். இடைநில்லாப் பேருந்து சில நேரம் நிற்காது. நின்று போகும் வண்டியே இந்த இடத்தில் நமக்கு நல்லது.

பொம்மசந்திராவில் மஞ்சள் பாதையில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறவும். மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதாப் பாதைக்கு மாறி, வைட்ஃபீல்டு திசையில் போகும் ரயிலைப் பிடிக்கவும். சென்ட்ரல் காலேஜ், விதான சௌதா, அடுத்து கப்பன் பார்க். இறங்கி பூங்காவுக்குள் நடந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் அரங்கம். இரண்டு முறை மாறுவதையும் சேர்த்து பொம்மசந்திராவிலிருந்து ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரம் மாறாது என்பதுதான் இதன் அருமை. சாலையில் போனால் ஒரு நாள் ஐம்பது நிமிடம், ஒரு நாள் இரண்டரை மணி நேரம். டோக்கனுக்கு வரிசையில் நிற்காமல் இருக்க கைப்பேசியிலேயே கியூஆர் டிக்கெட் எடுத்துவிடலாம்.

கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் போகும் பாதை இருக்கிறது. கோவை – பெங்களூரு கண்டோன்மென்ட் வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கும். கண்டோன்மென்ட்டிலிருந்து கப்பன் பூங்கா ஆட்டோ தூரம்தான். ஆனால் அந்த ரயில் பெங்களூரில் மதியம் சேர்ந்து, சிறிது நேரத்திலேயே கோவைக்குத் திரும்பிவிடும். போவதற்கு உதவும், திரும்ப உதவாது. மாலை ஆட்டங்களை மட்டும் குறி வைப்பவர்களுக்குச் சரியாக வரும். நேரமும் ஓடும் நாட்களும் மாறுவதால் முன்பதிவுக்கு முன் பாருங்கள்.

காரில் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் என்று சுங்கம் கட்டிப் போய்ச் சேர்ந்தாலும், கப்பன் பூங்காவைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் செட் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குள் வாகனமே விடமாட்டார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் மட்டும் காரை எடுங்கள். அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுபவர் தனியாக நிறுத்தப் போவதுதான் வழி.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்காராதீர்கள். முதலில் வெயிலைப் பாருங்கள். சூரியன் ஆட்டக்காரர்களின் கண்ணில் குறைவாக விழ வேண்டும் என்பதற்காக டென்னிஸ் கோர்ட்டுகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவார்கள். அதனால் பக்கவாட்டு கேலரிகள் கிழக்கிலும் மேற்கிலும் அமையும். மதியத்துக்கு மேல் கிழக்கு கேலரியில் உட்கார்ந்தால் மாலை வரை வெயில் முகத்தில் அடிக்கும், பந்தும் கண்ணுக்குத் தெரியாது. மேற்கு கேலரியில் வெயில் முதுகுப் பக்கம் போய், சீக்கிரம் நிழலும் வரும். எது மேற்கு என்று கைப்பேசியின் திசைகாட்டியில் பார்த்து உட்காருங்கள். பிப்ரவரியில் பெங்களூரு குளிராகத்தானே இருக்கும் என்று தொப்பி இல்லாமல் வருபவர்கள் இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து போவார்கள். அந்த ஊர் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் வெயில் சுடத்தான் செய்யும்.

எந்த இடத்திலிருந்து பார்ப்பது என்பதில் எங்கள் கருத்து உறுதியானது. முதல் செட்டை பேஸ்லைன் என்ற பின்கோட்டுக்குப் பின்னால், பத்து வரிசை உயரத்திலிருந்து பாருங்கள். அங்கிருந்துதான் பந்து எப்படி வளைகிறது, எதிராளியை எப்படி ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் திறக்கிறார்கள் என்பது தெரியும். இரண்டாவது செட்டுக்கு பக்கவாட்டில் கீழ் வரிசைக்கு வாருங்கள். வேகம் அங்கேதான் தெரியும். கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். 200 கிலோமீட்டர் வேக சர்வ் அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடி அளவுதான் ஆகும். அதற்குள் எதிரில் நிற்பவர் தோளைத் திருப்பி, ராக்கெட்டைக் கொண்டுபோய், திசையும் தீர்மானித்துவிடுகிறார். இதை கேமரா காட்டுவதில்லை. உயரத்திலிருந்து எடுக்கும் கேமரா கோர்ட்டையே சுருக்கி, வேகத்தையும் சுருக்கிவிடுகிறது.

பெங்களூரில் கூடுதலாகக் கவனிக்க ஒன்று இருக்கிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். அங்கே காற்று சென்னையைவிட சுமார் 8 சதவீதம் மெலிது. பந்துக்குக் காற்றின் தடை குறைவதால் அது வேகம் குறையாமல் பாயும், கோட்டைத் தாண்டியும் போகும். முதல் சுற்றில் பல ஆட்டக்காரர்கள் நல்ல அடியையே நீளமாக வெளியே அடிப்பதற்குக் காரணம் இதுதான். கடற்கரை ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பழக இரண்டு நாள் ஆகும். நரம்பை இன்னும் இறுக்கமாகக் கட்டிய ராக்கெட்டை மாற்றி எடுப்பார்கள். இறுக்கம் கூடினால் பந்து துள்ளுவது குறையும், கட்டுப்பாடு கூடும். சர்வ் பலமாக உள்ளவர்களுக்கு பெங்களூரு சாதகம். நின்று நிதானமாகப் பந்தை இருபது முறை திருப்பி அடித்து ஜெயிப்பவர்களுக்குச் சென்னை சாதகம், உடம்பு அங்கே ஈரப்பதத்தைத் தாங்கினால். யார் யாரோடு மோதுகிறார் என்ற டிராவைப் பார்த்து யார் ஜெயிப்பார் என்று ஊகிக்க விரும்புகிறவர்கள் தரவரிசையை மட்டும் பார்க்காமல் இதையும் கணக்கில் வையுங்கள்.

பந்து மாற்றுவதையும் கவனியுங்கள். ஏடிபி போட்டிகளில் முதல் 7 கேம் முடிந்ததும் புதுப் பந்து, பிறகு ஒவ்வொரு 9 கேமுக்கும். புதுப் பந்து வந்ததும் சர்வ் போடுபவர் பந்தை உயர்த்தி எதிராளிக்குக் காட்டுவார். அந்தக் கேமில் சர்வ் சரசரவென்று பறக்கும். மற்ற நேரத்தில் மூன்று நான்கு பந்துகளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். மேல்பஞ்சு அதிகம் எழும்பாத பந்து முதல் சர்வுக்கு, பஞ்சு எழும்பியது இரண்டாவது சர்வுக்கு. ஒற்றையர் முடிந்து அதே கோர்ட்டில் இரட்டையர் தொடங்கினால், வலையின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்த இரண்டு குச்சிகளை எடுப்பதைப் பாருங்கள். கோர்ட் 8.23 மீட்டரிலிருந்து 10.97 மீட்டராக அகலும்போது வலையைத் தாங்கும் இடமும் வெளியே போகிறது.

இரட்டையர் ஆட்டத்தைத் தவறவிட்டு வெளியே டீ குடிக்கப் போகாதீர்கள். இந்தியாவில் நடக்கும் சேலஞ்சர்களில் நம்மவர்கள் கடைசி வரை நிற்பது பெரும்பாலும் அங்கேதான். 2024 பெங்களூரில் சென்னையின் ராம்குமார் ராமநாதனும் சாகேத் மைனேனியும் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார்கள். 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடியும், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக். அதனால் ஆட்டம் இழுக்காது. பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை.

அரங்க ஒழுங்கில் மூன்று விஷயம் புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஆட்டம் நடக்கும்போது கீழ் வரிசைகளுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒற்றைப்படை கேம் முடிந்து பக்கம் மாறும்போது கிடைக்கும் 90 விநாடிக்குள் போய் உட்கார வேண்டும். செட்டின் முதல் கேமுக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் உட்காராமல் பக்கம் மாறிவிடுவார்கள், அந்த இடைவெளியை நம்பாதீர்கள். செட் முடிந்தால் 120 விநாடி, கழிவறைக்குக் கிளம்ப அதுதான் நேரம். அடுத்து, கைப்பேசி. சத்தத்தை அணைப்பதும் ஃபிளாஷ் அடிக்காமல் இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் கைப்பேசியில் தட்டிக்கொண்டே இருந்தால் காவலர் வந்து விசாரிக்கலாம். சூதாட்டத்துக்காக அரங்கத்திலிருந்து புள்ளி விவரம் அனுப்புபவர்களை வெளியேற்றும் விதி தொழில்முறை டென்னிஸில் இருக்கிறது. நண்பர்கள் குழுவுக்கு ஸ்கோர் அனுப்புவதை செட் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கைதட்டும் நேரம். முதல் சர்வ் தவறியதும், இரட்டைத் தவறு நடந்ததும் தட்டுவது கேலி என்று எடுத்துக்கொள்ளப்படும். நம் ஊர்க்காரருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உற்சாகம் கொடுங்கள், பந்தைத் தூக்கிப் போடக் கை உயர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

என்னவெல்லாம் தவறிப் போகும்? நீங்கள் பார்க்க வந்தவர் விலகிவிடலாம். சேலஞ்சரில் இது சாதாரணம். முந்தைய வாரம் இன்னொரு ஊரில் இறுதி வரை போனவர் களைப்பில் விலகுவார், தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் தோற்ற ஒருவர் அதிர்ஷ்ட வாய்ப்பில் உள்ளே வருவார். அதனால் ஒரு பெயரை நம்பிக் கிளம்பாமல் நாளை நம்பிக் கிளம்புங்கள். நாள் நிறைய ஆட்டம் இருந்தால் ஒருவர் விலகியது பெரிய நஷ்டமில்லை. கைப்பேசி சார்ஜ் தீர்ந்து மெட்ரோ டிக்கெட்டும் பஸ் டிக்கெட்டும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்வது இன்னொன்று. பவர் பேங்க் அவசியம். பெரிய பையும் வெளியிலிருந்து கொண்டுவரும் சாப்பாடும் வாசலிலேயே நிற்கலாம். காவேரிப்பட்டணம் நிப்பட்டை பஸ்ஸிலேயே முடித்துவிடுங்கள், அல்லது திரும்பும்போது சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சென்னை. நுங்கம்பாக்கம் அரங்கம் 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 1997 முதல் 2017 வரை ஏடிபி சுற்றுப் போட்டி ஆண்டுதோறும் இங்கே நடந்தது. ஸ்டான் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை இங்கே வென்றார். 2018ல் அந்தப் போட்டி புனேவுக்குப் போனது நம் மாநிலத்து ரசிகர்களுக்கு உண்மையிலேயே பெரிய இழப்பு. பிறகு 2022 செப்டம்பரில், பெண்கள் தொழில்முறைச் சுற்றுப் போட்டியான டபிள்யூடிஏ 250 வந்தது. 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவா இறுதியில் மக்டா லினெட்டை வென்றார். 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி நடந்தது. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். ஆண்கள் சேலஞ்சரும் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பிப்ரவரியில் நடந்திருக்கிறது.

ஆட்டத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் டபிள்யூடிஏ 250 மேலானது. சேலஞ்சரைவிட ஒரு படி உயர்ந்த போட்டி. அரங்கமும் சுற்றிலும் எழும்பி நிற்பதால் நடுக் கோர்ட்டில் எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெளிவாகத் தெரியும். தயக்கம் எல்லாம் மாதத்தைப் பற்றித்தான். அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. 2025 போட்டியின் தொடக்க நாள் ஆட்டங்களையே மழை பாதித்தது. மேலே கூரை இல்லை. கடினத் தளம் தண்ணீரை உறிஞ்சாது, மழை நின்ற பிறகு தள்ளுகட்டையால் தள்ளி, துணியால் ஒற்றி, கோடுகள் வழுக்காத அளவுக்குக் காய்ந்த பிறகே ஆட விடுவார்கள். லேசான தூறலுக்கும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரும். அப்படி நின்ற ஆட்டங்கள் மறுநாள் அட்டவணையில் சேர்ந்து, வெளிக் கோர்ட்டுகளுக்குப் பரவும். மழை பெய்த நாளுக்கு மறுநாள் போகிறவர்களுக்கு அதனால் கொண்டாட்டம். ஒரே டிக்கெட்டில் இரண்டு நாள் ஆட்டம். எனவே சென்னைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்து மாட்டிக்கொள்ளாமல், வானிலை பார்த்து இரண்டு நாள் முன்னால் முடிவு செய்வது நல்லது.

போக ரயில்தான் சிறந்தது. தருமபுரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் மொரப்பூர், சேலம் – ஜோலார்பேட்டை பாதையில். அங்கே நிற்கும் இரவு ரயிலில் ஏறினால் விடியலில் சென்னை. கிருஷ்ணகிரிக்காரர்கள் திருப்பத்தூர் வழியாக ஜோலார்பேட்டை போனால் ரயிலுக்குக் குறைவில்லை. அதிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையிலேயே சென்ட்ரலில் சேர்த்துவிடும். திரும்புவதற்கு அதை நம்பாதீர்கள், மாலையிலேயே கிளம்பிவிடும், மின்னொளி ஆட்டங்கள் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். சென்ட்ரலிலிருந்து வெளியே வந்து சாலையைத் தாண்டி பார்க் நிலையத்தில் தாம்பரம் செல்லும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். எழும்பூர், சேத்துப்பட்டு, அடுத்தது நுங்கம்பாக்கம். அங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம்.

சென்னையில் உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். ஆட்டக்காரர்களே செட்டுக்கு ஒரு சட்டை மாற்றுவார்கள். கைப்பிடி வியர்வையில் நழுவுவதால் ராக்கெட்டின் மேல்சுற்றுப் பட்டையை ஆட்டத்தின் நடுவே பிரித்துப் புதிதாகச் சுற்றுவதைப் பக்கம் மாறும் நேரத்தில் பார்க்கலாம். நம் பக்கத்து வறண்ட வெயிலுக்குப் பழகியவர்களுக்கு இந்தப் புழுக்கம் வேறு மாதிரி. தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள்.

டென்னிஸ் பழகும் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவர்களை பெங்களூரின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டிப் போங்கள். பள்ளி விடுமுறை, கூட்டம் இருக்காது, 12 ஆட்டங்கள். நடுக் கோர்ட்டைவிட பயிற்சிக் கோர்ட் பக்கம் அதிக நேரம் நில்லுங்கள். ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பயிற்சியைச் சர்வ் கட்டத்துக்குள் நின்று மெதுவாகத் தட்டுவதில் தொடங்கி, பின்வாங்கி, பிறகே வேகம் கூட்டுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கால் எப்போதும் குட்டிக் குட்டி அடியாக நகர்ந்துகொண்டே இருப்பதையும் காட்டுங்கள். ஆட்டம் முடிந்து தோற்றவரிடம் கையெழுத்து கேட்காதீர்கள், பயிற்சி முடிந்து வெளியே வருபவரிடம் கேட்டால் பெரும்பாலும் நின்று போட்டுக் கொடுப்பார்.

திரும்பும் ஏற்பாட்டை ஆட்டம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து சேலம், திருவண்ணாமலை, சென்னை வண்டிகள் இரவு முழுக்க கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகின்றன, அதனால் ஊர் சேர்வது கஷ்டமில்லை. இரவு ஒன்பது மணிக்குள் அரங்கத்தை விட்டுக் கிளம்பினால் மெட்ரோவிலேயே பொம்மசந்திரா வரை வந்து, சாலையோரத்தில் பஸ் பிடிக்கலாம். அதற்கு மேல் தாமதமானால் மெட்ரோவின் கடைசி ரயில் நேரத்தைப் பாருங்கள், இரண்டு இடத்தில் மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஏறும் முன் வண்டி ஊருக்குள் பேருந்து நிலையம் வருமா, பைபாஸிலேயே இறக்கிவிடுமா என்று கேளுங்கள். இரவு வண்டிகள் பல தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பைபாஸோடு போய்விடும். நள்ளிரவில் அங்கே ஆட்டோ கிடைப்பது அரிது. பைபாஸில்தான் இறக்குவார்கள் என்றால் ஓசூர் தாண்டும்போதே வீட்டுக்குப் போன் போட்டு வண்டியோடு வரச் சொல்லிவிடுங்கள்.